காரில் இருந்தபடி கூப்பிடாதே

மகனே, சலாம். உம்மாவும் நானும் சுகம். அதைத்தான் தினமும் போனில் கேட்டுக்கொள்கிறாய் என்பதால் அந்த வரியை இத்தோடு முடிக்கிறேன். போனிலேயே சொல்லாமல் எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நான் ஆரம்பித்ததும் உனக்கு மீட்டிங் வந்துவிடும். காகிதத்தை நீ பாதியில் வைத்தாலும் மீதி அதிலேயே இருக்கும். உனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும் என்று தெரியும். இந்தப் பூனாவில், பிம்ப்ரியில் பிறந்து இங்கிலீஷில் படித்து மராத்தியில் சண்டை போட்டு வளர்ந்தவன் நீ. மெதுவாகப் படி. எங்காவது தட்டினால் உன் பெண்டாட்டியிடம் கொடு, தென்காசிக்காரி, தடங்கலில்லாமல் வாசித்துக் காட்டுவாள். நானும் அஞ்சாம் வகுப்போடு நின்றவன்தான். தமிழைப் பொட்டலம் மடித்து வந்த பேப்பரில் படித்தேன், மராத்தியை பஸ் போர்டில் படித்தேன். எனக்கு எழுதக் கஷ்டம், உனக்கு வாசிக்கக் கஷ்டம், சமமாகப் போயிற்று. உன் கூட்டாளிகள் யாருக்காவது இதைப் படித்துக் காட்ட நினைத்தாலும் காட்டு. அதற்காகவே உனக்குத் தெரிந்த விஷயங்களையும் விவரமாக எழுதுகிறேன்.

நேற்று நீ அனுப்பிய ஆள் வந்து பீரோ, கட்டில், கடையில் இருக்கும் தையல் மிஷின் எல்லாவற்றையும் டேப் பிடித்து அளந்துகொண்டு போனான். மாதக் கடைசியில் லாரி வருமாம். மகர்பட்டாவில் தரைத்தளத்தில் வீடு, வாசலில் காவல், நடக்கத் தனிப்பாதை, வெளிவண்டி உள்ளே வராது, உம்மா இனிமேல் ஒரு ரோட்டையும் கடக்க வேண்டியதில்லை என்று நீ அடுக்கிக்கொண்டே போனபோது உம்மா, "உன் இஷ்டம் ராசா" என்றாள். நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாய். நான் கெட்டுப்போன மீனை வாங்கிக்கொண்டு வந்தாலும் அவள் அதே இரண்டு வார்த்தையைத்தான் சொல்வாள். அந்த மகர்பட்டா நல்ல இடம்தான், நான் குறை சொல்லவில்லை. அங்கே போவதா இங்கே இருப்பதா என்பதை உம்மா முடிவு செய்வாள். ஆனால் ஒரு ரோட்டுக்குப் பயந்து வீடு மாறினோம் என்று இருக்கக் கூடாது. லாரி வருவதற்கு முன்னால் உன்னால் ஆக வேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது. அது என்னவென்று கடைசியில் எழுதுகிறேன். முதலிலேயே எழுதினால் நடுவில் இருப்பதைப் படிக்க மாட்டாய், உன்னை எனக்குத் தெரியும்.

என்னை எழுத உட்கார வைத்தது லாரி இல்லை. போன வாரம் கண் டாக்டரிடம் என்னைக் கூட்டிப்போனாய். பாணேரில் உன் வீட்டுக்குத் திரும்புகிற இடத்துக்கு முன்னால், ரோட்டில் வெள்ளைக்கோடு போட்டிருக்கும் இடத்தில் வயதான ஒரு புருஷனும் பெண்டாட்டியும் நின்றார்கள். அந்த அம்மாள் ஒரு காலைக் கோட்டில் எடுத்து வைத்துவிட்டாள். நீ நிறுத்துவாய் என்று நான் நிச்சயமாக நினைத்தேன், ஏனென்றால் நீ நிறுத்துகிறவன். நீ ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு வேகத்தைக் கூட்டினாய். அந்த அம்மாள் வைத்த காலைப் பின்னால் இழுத்த இழுப்பில் அவள் புருஷன் தடுமாறினான். என்ன இப்படிச் செய்கிறாய் என்று கேட்டேன். நீ ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "நிறுத்துனாத்தான் வாப்பா டேஞ்சர். உங்களுக்குத் தெரியாதா?" என்றாய். வீடு வந்து சேரும்வரை நான் வாய் திறக்கவில்லை. நான் கோபத்தில் இருந்தேன் என்று நீ நினைத்திருப்பாய். கோபமும் இருந்தது. அதைவிட, உம்மாவுக்கு அடிபட்ட அன்று அவளுக்கு உடைந்தது இடுப்பெலும்பு, உனக்குள்ளும் எதுவோ உடைந்திருக்கிறது, அதற்கு யாரும் கட்டுப் போடவில்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் இரண்டு பேரும் இன்றுவரை ஒழுங்காகப் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் கத்தியதோடு சரி. இப்போது பேசுகிறேன். நம் கடைக்கு முன்னால் உள்ள ரோட்டுக்கு நடுவில் டிவைடர் இருக்கிறது. கடைக்கு நேரே ஆள் நுழைகிற அளவுக்கு அதில் ஒரு இடைவெளி. எதிர்ப்பக்கம் மீன் சந்தை. உம்மா காலையில் சந்தைக்குப் போய், ரோட்டில் ஒரு பாதியைக் கடந்து, மீன்பையோடு அந்த இடைவெளியில் நின்றாள். இன்னொரு பாதியைக் கடந்தால் கடை. அந்த நேரம் பார்த்து எங்களைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போக நீ வந்தாய். டிவைடரை ஒட்டி வந்தவன், உம்மாவைப் பார்த்ததும் காரை நிறுத்தினாய். நிறுத்தி, விரலை மடக்கி, வாங்க வாங்க என்று கையால் கூப்பிட்டாய். பின்னால் வந்தவன் எல்லாம் ஹாரன் அடித்தான். வேறு எவனுடைய கார் நின்றிருந்தாலும் உன் உம்மா தன் நடையில்தான் வந்திருப்பாள். ஊர் முழுக்க ஹாரன் அடித்தாலும் அசைகிறவள் இல்லை. ஆனால் நிற்பது பெற்ற பிள்ளை, அவனைத்தான் எல்லோரும் ஏசுகிறார்கள், அதுவும் தன்னால். மாடிப்படியை ஒவ்வொன்றாக எண்ணி ஏறுகிறவள் சேலையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு ஓடினாள். உன் காரின் மூக்கைத் தாண்டிய நேரம், காருக்கு இடப்பக்கமாக வந்த ஸ்கூட்டர் அவளைத் தட்டியது. நான் கடை வாசலில் இருந்து பார்த்தேன். அந்த ஸ்கூட்டர் வருவதும் எனக்குத் தெரிந்தது. சத்தம் போட்டேன். அத்தனை ஹாரனில் என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

ஸ்கூட்டரில் வந்த பெண்ணும் விழுந்தாள். பூனாவில் பெண்கள் வண்டி ஓட்டும்போது சுற்றிக்கொள்கிற மாதிரி முகம் முழுக்கத் துப்பட்டா, கண் மட்டும் வெளியே. எழுந்ததும் முதல் காரியமாக அந்தத் துப்பட்டாவை அவிழ்த்துச் சுருட்டி உம்மாவின் தலைக்குக் கீழே வைத்தாள். ரிக்‌ஷாவில் உம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவளும் அவள்தான். உன் கார் நகர வழியில்லாமல் நெரிசலில் நின்றது, அதனால் இதை நீ பார்க்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் முழங்கையில் ரத்தத்தோடு உட்கார்ந்திருக்கும்போது நீ அவள்மேல் போலீசில் எழுதிக் கொடுக்கப் போனாய். நான் மறித்தேன். அவள் என்னிடம் இந்தியில் சொன்னது இதுதான்: முன்னால் கார் நின்றதாம், மக்கர் பண்ணிவிட்டது என்று நினைத்தாளாம், எல்லோரும் போகிற மாதிரி இடப்பக்கம் ஒதுங்கிப் போனாளாம். காருக்கு முன்னால் ஒரு ஆள் ஓடிவருவது அவளுக்கு எப்படித் தெரியும்? உன் காரே மறைத்துக்கொண்டு நிற்கிறது. நான் அவளுக்காகப் பேசியது உனக்குப் பொறுக்கவில்லை. "நீங்க கடையில ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க? எந்திரிச்சுப் போயி கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தா என்ன?" என்று என்னைக் கேட்டாய். அத்தனை பேர் நடுவில், நர்சுகளுக்கு முன்னால்.

அதை நான் மறக்கவில்லை. மறக்கப்போவதும் இல்லை. உன் உம்மா நிக்காஹ் முடிந்து இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து ரோட்டில் என் கையைப் பிடித்தவள் இல்லை. ஒரே ஒரு தடவை, முதல் மழைக்காலத்தில், வழுக்கிவிடும் என்று நான் கையை நீட்டினேன். "நாலு பேரு பாக்க என்ன கை வேண்டிக் கெடக்கு" என்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்து போனாள். அன்றிலிருந்து நான் பின்னால்தான் நடக்கிறேன். இப்படிப்பட்டவளைக் கையைப் பிடித்துக் கூட்டிவரவில்லை என்று என்மேல் குற்றம் சொன்னால் நான் ஏற்க முடியாது. நீ மன்னிப்புக் கேட்டாலும் சரி, கேட்காவிட்டாலும் சரி, நானும் கேட்கப்போவதில்லை. அந்தக் கணக்கு அப்படியே கிடக்கட்டும். இப்போது சொல்ல வந்தது வேறு.

நீ நிறுத்தியது தப்பில்லை. இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசி. உன்னை ஆபீஸிலிருந்து ஜெர்மனிக்கு அனுப்பினார்கள், சில மாதம் இருந்துவிட்டு வந்தாய். வந்த அன்று சாப்பிட உட்கார்ந்தபோது, அங்கே ரோட்டு ஓரத்தில் ஆள் சும்மா நின்றாலே வண்டி நின்றுவிடுகிறது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாய். நீ கொண்டு வந்த சாக்லேட்டும் சென்ட்டும் எனக்கு ஒரு பொருட்டே இல்லை, இந்தச் சங்கதியைக் கொண்டுவந்தானே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. உன்னிடம் சொல்லவில்லை. நீ அதை வெறும் பேச்சாக விடவும் இல்லை. பூனாவில், பின்னால் வருகிறவன் தாயையும் தகப்பனையும் இழுத்து ஏசுகிற ஊரில், நீ நடக்கிறவர்களுக்காக நிறுத்திக்கொண்டே இருந்தாய். அதை விட்டுவிடாதே. ஆனால் அங்கே ஒரு வண்டி நின்றால் பக்கத்து வண்டியும் நிற்கும். இங்கே ஒரு வண்டி நின்றால் பின்னால் வருகிறவனுக்கு அது ஒரு தடை, அவன் சுற்றிக்கொண்டு போக வழி தேடுவான். நீ உன் வண்டிக்குத்தான் பிரேக் போட்டாய். ரோட்டுக்கே பிரேக் போட்டவன் மாதிரி கையைக் காட்டிக் கூப்பிட்டுவிட்டாய்.

உன் ஆஸ்பத்திரிக் கேள்விக்குப் பிறகு எனக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. வண்டி சீட்டுக்கு உறை தைக்கிறவன் நான், மழைக்காலத்தில் தார்ப்பாய் விற்கிறவன். தைக்கும்போது முகம் ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கும். இத்தனை வருஷம் பார்த்தும் கவனிக்காத ஒன்றை அதற்குப் பிறகுதான் கவனித்தேன். நிறுத்துகிறவன் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்லவன்தான் நிறுத்துகிறான், நல்லவன்தான் கூப்பிடுகிறான். கூப்பிட்டதும் நிற்கிறவர்கள் ரோட்டைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். அவன் முகத்தை மட்டும் பார்த்து, சிரித்து, தலையைக் குனிந்துகொண்டு ஓடுகிறார்கள். அவன் தங்களுக்காகப் பார்த்துவிட்டான் என்று நம்புகிறார்கள். அவன் பார்க்கவே இல்லை. ஆகையால் நீ நிறுத்தும்போது மெதுவாக, தூரத்திலிருந்தே வேகத்தைக் குறைத்து நிறுத்து. முதலில் இடப்பக்கக் கண்ணாடியைப் பார். எவனாவது வந்துகொண்டிருந்தால், நிற்கிறவரைப் பார்த்து உள்ளங்கையை நிமிர்த்திக் காட்டு, நில்லுங்கள் என்று. வண்டி நின்ற பிறகும் நீ யாரையும் கூப்பிடாதே. நீ நின்றுவிட்டாய் என்பது அவர்களுக்கே தெரியும். எப்போது காலை எடுத்து வைப்பது என்பது அவர்களுடைய கால், அவர்களுடைய முடிவு. அன்றைக்கு உன் விரல் மடங்கியதற்குப் பதிலாக நிமிர்ந்திருந்தால் போதும். இதைப் படிக்கும்போது உனக்கு வலிக்கும். வலிக்கட்டும். நீ இதைத் தெரிந்துகொண்டால்தான் மறுபடியும் நிறுத்துவாய்.

நடக்கிறவர்களும் சும்மா இல்லை. வண்டிக்காரனை மட்டும் ஏசிக்கொண்டிருக்கிறேன் என்று நீ சின்ன வயதிலேயே என்னைச் சொல்லியிருக்கிறாய். உன் பள்ளிக்கூட நாள் ஒன்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. ரோட்டில் நெரிசல் என்று ஒருவன் பைக்கை நடைபாதையில் ஏற்றிக்கொண்டு எதிரே வந்தான். நான் உன் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அப்படியே நின்றேன். "காகா, பாஜூலா வ்ஹா" என்றான், ஒதுங்கச் சொல்லி. இது நடக்கிற இடம், நீ ஒதுங்கு என்று எனக்குத் தெரிந்த மராத்தியில் சொன்னேன். வீட்டில் சொல்லிவிட்டு வந்தீரா என்று கேட்டான். நம் ஊரில் கேட்கிற அதே கேள்வியை மராத்தியிலும் கேட்பான்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். சொல்லிவிட்டுத்தான் வந்தேன், பிள்ளையும் கூடவே இருக்கிறான், நீ உன் வீட்டில் சொன்னாயா என்று திருப்பிக் கேட்டேன். அவனுக்குப் பின்னால் ஏறியிருந்த இன்னொரு பைக்குக்காரன் சிரித்துவிட்டான். இரண்டு பேரும் இறங்கிப் போனார்கள். எனக்கு வெற்றி. திரும்பிப் பார்த்தால் நீ பத்தடி தள்ளி, என்னைத் தெரியாதவன் மாதிரி ஒரு கடை போர்டை வாசித்துக்கொண்டு நின்றாய். அந்த வாரத்திலிருந்து நீ கூட்டாளிகளோடு பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தாய். என்னோடு நடக்க வெட்கம். பரவாயில்லை, நான் இப்போதும் நடைபாதையில் பைக்குக்கு ஒதுங்குவதில்லை.

நீ வளர்ந்த பிறகு ஒருநாள், நம் கடைத் தார்ப்பாய்க் கட்டு நடைபாதையில்தான் கிடக்கிறது, ஜனங்கள் அதைச் சுற்றி ரோட்டில் இறங்கித்தான் போகிறார்கள் என்று எனக்குச் சுட்டிக்காட்டினாய். மழைக்காலத்தில் மட்டும்தான் என்று பதில் சொன்னேன். பூனாவில் மழைக்காலம் எவ்வளவு நீளம் என்று கேட்டாய். கட்டுகளை உள்ளே எடுத்துவிட்டேன். நீ சொன்னதற்காக இல்லை, வெயிலில் ஓரம் வெளுக்கிறது என்பதற்காக. எப்படியோ, நடைபாதை காலியாக இருக்கிறது.

நடக்கும்போது நீ எப்படி என்றும் எனக்குத் தெரியும். காதில் எதையோ செருகிக்கொண்டு, கையில் போனோடு, கார் கதவைத் திறந்து பின்னால் பார்க்காமல் இறங்குவாய். ஆகையால் இதையும் வாசி. இந்த ஊரில் முகத்தைப் பார்த்து எதுவும் தெரியாது, பாதி முகம் ஹெல்மெட்டுக்குள், மீதி முகம் துப்பட்டாவுக்குள். முகத்தை விட்டுவிட்டு முன்சக்கரத்தைப் பார். அது திரும்புகிற பக்கம்தான் வண்டி வரும். பஸ்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும்போது அதன் பக்கக் கண்ணாடியில் டிரைவர் முகம் உனக்குத் தெரியவில்லை என்றால் அவருக்கும் நீ தெரியவில்லை. ஒருவழி ரோடு என்று ஒரு பக்கம் மட்டும் பார்க்காதே, இங்கே எல்லா ரோட்டிலும் இரண்டு பக்கமும் வருவான்கள். உனக்காக ஒரு வண்டி நின்றால் அதற்காக ஓடாதே. உபகாரம் செய்தவனை ரொம்ப நேரம் நிற்க வைக்கக் கூடாது என்று நமக்கு ஒரு கூச்சம். அந்தக் கூச்சம்தான் காலைத் தள்ளுகிறது. அவன் முப்பது வீடு தாண்டினால் அடுத்த சிக்னலில் நிற்கத்தான் போகிறான், உனக்காகவும் கொஞ்சம் நிற்கட்டும். அவன் வண்டியின் மூக்குவரை நட, அங்கே இன்னொரு தடவை நில், தலையை மட்டும் நீட்டி அடுத்த பக்கம் பார், பிறகு போ. நன்றியை மறுகரை சேர்ந்த பிறகு சொல்லலாம். நான் போய்ச் சேர்ந்து, திரும்பி, நெஞ்சில் கை வைத்துக் காட்டுகிறேன். சிலர் தலையாட்டுகிறார்கள். சிலர் அதற்குள் போய்விடுகிறார்கள்.

இனி உன்னைப் பற்றி நான் கவனித்ததைச் சொல்கிறேன். அடிபட்ட நாளுக்குப் பிறகு நீ முன்ரோட்டில் வருவதே இல்லை. பின்சந்தில் நுழைந்து, பின்வாசலில் காரை நிறுத்தி, பின்வாசல் வழியாகவே உம்மாவைப் பார்த்துவிட்டுப் போகிறாய். நெரிசல் என்று காரணம் சொல்கிறாய். உம்மா ஒன்றும் கேட்பதில்லை, ஆனால் அவளுக்குத் தெரியும். நீ மீனையும் போனிலேயே வரவழைக்க ஏற்பாடு செய்துவிட்டாய். பெட்டியில் ஐஸ் போட்டு வருகிறது. அவள் திறந்து பார்த்துவிட்டு, கண்ணு செத்த மீன் என்று மூடிவைக்கிறாள். பிறகு பிள்ளை வாங்கி அனுப்பியது என்று சமைக்கிறாள். செவுளைத் தூக்கிப் பார்த்து, மீன்காரியோடு அரை மணி நேரம் மல்லுக்கு நின்று வாங்குகிறவள். அந்த மீன்காரி கடையிலிருந்து எட்டிப் பார்த்து இந்தப் பக்கம் கையசைக்கிறாள், இவள் இந்தப் பக்கமிருந்து கையசைக்கிறாள். நடுவில் ரோடு ஓடுகிறது. இதுதான் இப்போது இரண்டு பேருக்கும் பேச்சு.

வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு வந்த பிறகு, பிற்பகல் அசர் தொழுகை முடிந்ததும் உம்மா மாடி வீட்டிலிருந்து இறங்கி வந்து கடையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். நான் தைத்துக்கொண்டிருப்பேன், அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த ஸ்கூட்டர்ப் பெண், சவிதா என்று பெயர், பக்கத்துக் கம்பெனியில் பேக்கிங் வேலை. வேலை முடிந்து போகும்போது வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து இவளோடு உட்காருகிறாள். நீ போலீசுக்கு இழுக்கப் பார்த்த பெண்தான். இரண்டு பேருக்கும் இந்தி அரைகுறை, இருந்தும் பேச்சு நிற்பதில்லை. போன வாரம், உன்னோடு நான் பாணேர் போய் வந்த மறுநாள், சவிதா இவளைப் பார்த்து, எழுந்திருங்கள், நான் கையைப் பிடித்து மீன் சந்தைக்குக் கூட்டிப்போகிறேன் என்றாள். உம்மாவுக்கு ஆசை முகத்தில் தெரிந்தது. ஊன்றுகோலைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். பிறகு கீழே வைத்துவிட்டு, என் பிள்ளை வரட்டும் என்று சொல்லிவிட்டாள்.

சவிதா போன பிறகு எனக்குக் கோபம் வந்தது. அவன் எங்கே வரப்போகிறான், அவன் உன்னை லாரியில் ஏற்றப் பார்க்கிறான், போக ஆசை இருந்தால் அந்தப் பெண்ணோடு போக வேண்டியதுதானே என்று கத்தினேன். நான் கத்தி முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"எனக்குக் கால் கூடிருச்சு. அவன் மனசுல நான் இன்னும் நடு ரோட்டுலதான் கெடக்கேன். அவன் கையால எந்திரிச்சு நடந்தாத்தான் அவனுக்குத் தெளியும். மீனு எங்கயும் போயிராது."

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததெல்லாம் தனக்காக என்று நினைத்திருந்தேன். அன்று ராத்திரி சாப்பிடும்போது, நீ ஹாரனை அழுத்திக்கொண்டு அந்த வயதானவர்களைத் தாண்டிய சங்கதியை அவளிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம். அவள் கையில் இருந்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டு, "என்னயத்தான அவன் அப்படித் தாண்டிப் போறான்" என்றாள். அதற்குப் பிறகுதான் நான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

இப்போது அந்தக் காரியம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் வா. காரைப் பின்சந்தில் விட்டாலும் சரி, பாணேரிலேயே விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தாலும் சரி, எனக்கு அதுவே பிடிக்கும். காரில் இருந்தபடி யாரையும் கூப்பிடாதே. இறங்கு, முன்வாசல் வழியாக வா. உம்மா கடையில் பையோடு இருப்பாள். முதல் பாதியில் வண்டி வலப்பக்கமிருந்து வரும், நீ அவளுக்கு வலப்பக்கம் நட. டிவைடர் இடைவெளியில் நில்லுங்கள், அவள் மூச்சு வாங்கட்டும். அங்கே அவளுக்குப் பயம் வரலாம், உனக்கும் வரலாம், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்ள வேண்டாம். அடுத்த பாதியில் வண்டி இடப்பக்கமிருந்து வரும், அதனால் நீ இடம் மாறிக்கொள். எவனாவது நிறுத்தினால் அவன் வண்டியின் மூக்கில் நின்று பாருங்கள். எவனும் நிறுத்தாவிட்டால் காத்திருங்கள், ஞாயிற்றுக்கிழமைதானே, உனக்கு மீட்டிங் இல்லை. கையைப் பிடிக்கவா என்று அவளிடம் கேட்டுப் பார். என்னிடம் சொன்னதையே உன்னிடமும் சொன்னால் விட்டுவிடு, பக்கத்தில் மட்டும் நட. திரும்பும்போதும் அப்படியே.

நான் கூட வர மாட்டேன். கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னாய் அல்லவா, அன்றைக்கும் உட்கார்ந்துதான் பார்ப்பேன். சத்தம் போட மாட்டேன். போய்வந்த பிறகு, லாரி வர வேண்டுமா வேண்டாமா என்று அவளை எதிரில் உட்கார வைத்துக் கேள். "உன் இஷ்டம்" என்று சொன்னால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதே, திரும்பக் கேள். அவள் என்ன சொல்கிறாளோ அதற்கு நான் கட்டுப்படுகிறேன். நான் ஒரு வார்த்தைக்குக் கட்டுப்படுகிறேன் என்று எழுதிக் கொடுப்பது இதுதான் முதல் தடவை, பத்திரமாக வைத்துக்கொள்.

இதுவரை எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கையைப் பிடிக்காத கதையை எழுதியதற்கு ஒரு முறை முறைத்தாள், அந்த வரிகளைக் கோடு போட்டு அடித்துவிடச் சொன்னாள், நான் அடிக்கவில்லை. பிறகு, அவனுக்கு என் பேரில் ஒரு வரி எழுதுங்கள் என்றாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ராசா, ஹாரன் அடிக்கவன் அடிச்சுக்கிடட்டும். இந்தத் தடவ நான் ஓட மாட்டேன்."